தூக்கத்தில் போன புண்ணியவான்கள்

1

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஒருவரும் இழுத்துக்கொண்டு கிடந்ததில்லை. அப்பா, பெரியப்பா, தாத்தா என்று மூன்று பேருமே வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, தெருவில் இரண்டு பேரோடு வம்பளந்துவிட்டுப் படுத்தவர்கள்தான். காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவில் யாராவது மாதக்கணக்கில் நோயில் கிடந்தால், "அவங்க வீட்டு ஆம்பிளைகளுக்கு வாய்ச்ச மாதிரி வாய்க்கணும்" என்று எங்கள் வாசலைக் கைகாட்டுவார்கள். எனக்குப் பெண் பார்க்கத் திருவனந்தபுரம் வந்தபோது பெரியம்மா இதையும் ஒரு தகுதியாகச் சொன்னாள். "எங்க ஆம்பிளைக யாரும் பொண்டாட்டிக்குப் பாரமா இருந்ததில்ல." பெண் வீட்டாரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள்!

அப்பா போனபோது நான் ஊரில் இல்லை. திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தகவல் வந்து, நாகர்கோவிலில் பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன்தான் கூட இருந்தவன். வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். "கஷ்டமே படல. தூக்கத்துலயே போயிட்டாரு." எனக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

இருபத்தெட்டு வருடம் இந்த ஊரில் அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். போன வருடம் ஒரு டாக்டர் அதைப் பிடுங்கினார்.

2

இப்போது ஆரியசாலையில் எனக்குச் சொந்தமாக மிளகாய் வத்தல், மல்லி மொத்தக் கடை இருக்கிறது. வியாபாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தூக்கம் வரும். எதிரே நிற்பவர் விலை சொல்லிக்கொண்டிருப்பார், என் தலை தொங்கிவிடும். வயதாகிறது, சர்க்கரை இருக்கிறது, மத்தியானம் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டோம் என்று ஆயிரம் சமாதானம் வைத்திருந்தேன். ஒருநாள் கிழக்கேகோட்டை சிக்னலில், பின்னால் என் மனைவி மீனா உட்கார்ந்திருக்க, ஸ்கூட்டரில் அப்படியே தூங்கிவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண் விழித்தபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மீனா இறங்கி நின்று என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள்.

மீனா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கோபம் வந்தால் பாதி மலையாளம் ஆகிவிடும். "இருபத்திரண்டு கொல்லமா நான் ஒரு ராத்திரி முழுசா உறங்கீட்டில்ல. நீங்க மூச்சு நிறுத்தும்போ எல்லாம் தட்டித் தட்டி எழுப்புறது நானாக்கும். மதியாயி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரலேன்னா நான் கரமனைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்."

இருபத்திரண்டு வருடமாகத் தூங்கவில்லையாம், போதுமாம். மூச்சு நிறுத்துகிறேனா? குறட்டைதானே விடுகிறேன் என்று இருந்தவன் நான். இத்தனை வருடம் இவள் தட்டியதெல்லாம் சத்தம் தாங்காமல் என்று நினைத்தேனே!

டாக்டரம்மா சின்ன வயது. மலையாளத்தில் கேட்டார். "அச்சன் எங்ஙனயா மரிச்சது?"

அப்பா எப்படி இறந்தார் என்கிறார். எனக்குப் பழக்கமான கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்து, என் சாலை பஜார் மலையாளத்தில் சொன்னேன். "உறக்கத்தில், டாக்டரே. நல்ல மரணம். வலியச்சனும் அங்ஙனத்தன்னெ. முத்தச்சனும்." அப்பா, பெரியப்பா, தாத்தா என்று மூன்று விரலை நீட்டிக் காட்டினேன்.

"எத்ர வயசில்?"

"அச்சன் ஐம்பத்தெட்டு. வலியச்சன் ஐம்பத்தஞ்சு. முத்தச்சன்... அறுபது ஆகலை."

"நிங்ஙளுக்கு?"

"ஐம்பத்திரண்டு."

சொல்லும்போதுதான் எனக்கே அது காதில் விழுந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தமிழில் பேசினார். நோயாளிகளிடம் பழகிப் படித்த தமிழ் போலிருக்கிறது. "அண்ணாச்சி, இது பெருமையா சொல்ற காரியமில்ல. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இப்ப யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. உங்களுக்கு என்னன்னு பாத்துச் சொல்ல முடியும்."

நீட்டிய மூன்று விரலை மடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மீனா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

3

தலையிலும் நெஞ்சிலும் வயரை ஒட்டி, மூக்கில் ஒரு குழாயை வைத்து, விரலில் கிளிப் மாட்டி ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். முடிவு வந்தது. ஒரு மணி நேரத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு அடைபடுகிறதாம். ஒரு தடவை ஐம்பது விநாடிக்கும் மேலே. ஐம்பது விநாடி என்றால் எவ்வளவு என்று வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். முப்பதிலேயே கண் பிதுங்கியது. இதையா தினமும் தூங்கிக்கொண்டே செய்கிறேன்? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடுவே இன்சூரன்ஸ் ஆபீசின் பாரம் ஒன்றை நிரப்பவேண்டியிருந்தது. "இந்த அறிகுறியை நீங்கள் முதன்முதலில் உணர்ந்தது எப்போது?" என்று ஒரு கட்டம். நான் உண்மையை எழுதினேன்: "தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தேன்." பாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரில் போனால் கவுண்டரில் இருந்தவர், "சேட்டா, தமாசு வேண்டாம்" என்கிறார். தமாசா? இதைவிட உண்மையாக நான் எந்தப் பாரத்திலும் எழுதியதில்லை. கடைசியில் மீனா வந்து, 'உணர்ந்தது நானாக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு மிஷின் வந்தது. பழைய ரேடியோ அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், முடிவில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். ராத்திரி முழுக்கக் காற்றை உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்தே வைக்கும். முதல் நாள் மாஸ்க்கை மாட்டியதும் யாரோ தலையணையை முகத்தில் வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது. பிடுங்கி எறிந்தேன். கல்லூரியில் படிக்கும் மகள் நித்யா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அச்சா, ஆனை மாதிரி உண்டு" என்றாள். என்னை அப்பா என்று கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் போன முதல் வருடமே அச்சன் ஆகிவிட்டேன். இதை எழுதி முடித்துக் கொடுத்தாலும் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மீனாதான் வாசித்துக் காட்டவேண்டும்.

பழகவேண்டும், பகலில் கொஞ்ச நேரம் போட்டுப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். கடைக்கு எடுத்துப் போனேன். மேலே கோடவுனில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு உண்டு. அங்கே மிஷினை மாட்டிக்கொண்டு படுத்தேன். கோடவுன் காற்றில் என்ன இருக்கும்? அது அத்தனையையும் இழுத்து, அழுத்தமாக, நேராக என் மூக்குக்குள் அடித்தது! முகத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உருண்டு வந்தேன். சுமட்டுத் தொழிலாளிகள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மிஷின் கம்பெனிக்காரர் வந்து வடிகட்டியைக் கழற்றினால் சிவப்பாக இருந்தது. மோந்து பார்த்துவிட்டு, "இதெந்தா, அச்சாரோ?" என்றார். ஊறுகாயாம்! சிரித்தவர் இரண்டு தும்மலும் போட்டார், சந்தோஷம்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் கண் விழித்தேன். தலை கனக்கவில்லை. வாய் வறளவில்லை. ஜன்னலில் வெயில் அடித்தது, காக்கைச் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. பக்கத்தில் மீனா வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கினாள். மணி ஏழு. அவள் ஏழு மணிவரை தூங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூக்கம் என்றால் இதுவா? இத்தனை வருடம் நான் செய்துகொண்டிருந்தது என்ன?

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

4

அண்ணனுக்கு ஐம்பத்தாறு. அப்பா போன வயதுக்கு இன்னும் இரண்டு வருடம். அதே கழுத்து, அதே தொந்தி. ஊரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். அவன் குறட்டை தாங்காமல் மைனி உள் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டு நாலு வருடமாகிறது. அவன் ஒரு தடவை பரிசோதித்துப் பார்க்கவேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் கேட்ட விதம் தப்பு. எனக்குப் புதுப் பக்தி. நாற்பது தடவை, ஐம்பது விநாடி என்று ஆரம்பித்து, தாத்தா, பெரியப்பா, அப்பா என்று வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். "அது புண்ணியமில்லண்ணே, வியாதி. யாராவது கவனிச்சிருந்தா அப்பா இன்னும் இருந்திருப்பாரு."



"ஏல," என்றான். "அப்பாவுக்கு வாழும்போது ஒரு நல்ல பேரும் கிடைக்கல. செத்ததுலதான் ஒரு நல்ல பேரு வாங்கினாரு. அதையும் பிடுங்கிட்டுப் போறதுக்கா போன் போட்ட?"

"அதுக்கில்லண்ணே, நீ ஒருதடவ..."

"அங்க போய் உக்காந்துகிட்டு எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுத. ஓடு. என்னைய விட்ரு."

வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. மைனியிடம் சொன்னேன். "சொன்னா எரிஞ்சு விழுதாவ தம்பி, நான் என்ன செய்ய?" என்றாள். வெளியூரில் இருப்பவனுக்கு இதுதான் கதி. பக்கத்தில் இருந்தால் வாசலில் போய் உட்கார்ந்து சண்டை போடலாம். போனை எடுக்காதவனிடம் என்ன செய்வது? காலையில் மாஸ்க்கைக் கழற்றும்போதெல்லாம், அண்ணன் இன்றைக்கு எழுந்திருப்பானா என்றுதான் முதல் நினைப்பு வரும். ஊர் நம்பரில் போன் வந்தால் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எடுப்பேன்.

5

இந்த நவராத்திரிக்கு மீனா அவனை வரவழைத்தாள். நான் கூப்பிட்டு வராதவன் அவள் கூப்பிட்டு வந்தான். அல்வாவும் கையுமாகப் படியேறினான். எதுவும் நடக்காதது போல, "என்னல, எளச்சுட்ட?" என்றான். நானும் பழைய பேச்சை எடுக்கவில்லை. வந்தவரைக்கும் போதும் என்று இருந்தது.

நம் ஊரில் ஆயுத பூசை என்றால் ஒரு நாள் கதை. இங்கே பூஜை வைப்பு என்று அஷ்டமி சாயங்காலமே புத்தகத்தையும் தொழில் சாமானையும் பூசையில் வைத்துவிடுவார்கள். வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்கவேண்டும். அதுவரை படிக்கக் கூடாது, தொழில் செய்யக் கூடாது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மீனா கடைத் தராசை வைத்தாள், நித்யா கல்லூரிப் புத்தகங்களை வைத்தாள். பிறகு உள்ளே போய் என் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, "அச்சன்றெ ஆயுதம் இதல்லே?" என்று நடுவில் வைத்துவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். மீனா சிரித்துக்கொண்டே அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூவும் போட்டாள்.

தீபாராதனை காட்டியபிறகுதான் உறைத்தது. வைத்ததை எப்படி எடுப்பது? மீனாவுக்கு முகம் மாறியது. "தேவி மன்னிச்சுக்குவா, எடுத்துக்கோங்க" என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். பக்தியால் என்று நினைக்காதீர்கள். அண்ணன் சந்தனம் வைத்த மிஷினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மூச்சு விடக்கூட மிஷின் வேண்டும் தம்பிக்கு என்று அவன் நினைத்துவிடக் கூடாதே என்ற வீம்பு. இரண்டு ராத்திரிதானே! முதல் ராத்திரி நாற்காலியில் சாய்ந்தபடி அரைத் தூக்கமாகக் கழித்தேன்.

மறுநாள் நவமி. கடை கிடையாது. பாயசத்தோடு மத்தியானச் சாப்பாடு. மீனாவும் நித்யாவும் கரமனையில் கொலு பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். நானும் அண்ணனும் முன்னறையில் பாயை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். முந்தின ராத்திரிக் களைப்பு, கண்ணைச் சுழற்றியது. ஐந்து நிமிடம் கண்ணை மூடுவோம் என்றுதான் நினைத்தேன்.

கன்னத்தில் இடி மாதிரி ஒரு அறை. இன்னொன்று. நெஞ்சில் குத்து. கண்ணைத் திறந்தால் அண்ணன் என் மேல் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். வேட்டி அவிழ்ந்து கிடக்கிறது. "ஏலே! எந்திலே! மூச்சு விடுலே! மூச்சு விடுலே!" என்று கத்துகிறான். நான் முழித்து, "என்னண்ணே!" என்று கேட்டபிறகும் ஒரு அடி அடித்தான். பிறகு அப்படியே சரிந்து சுவரில் சாய்ந்துகொண்டு கேவினான். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட அவன் அழவில்லை.

தண்ணீர் கொடுத்தேன். பாதி மேலே கொட்டிக்கொண்டான்.

"இழுத்து இழுத்து விட்டுகிட்டிருந்தே. திடீர்னு நின்னுச்சு. சரி, இப்ப வரும்னு பாத்தேன். வரல. நெஞ்சு அசையுது, மூச்சு வரல. ஏல, அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சு."

"என்னைக்கு?"

"அப்பாவுக்கு."

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தேன்.

"அன்னைக்குக் கரண்டு இல்ல. நானும் அப்பாவும் ஹால்லதான் பக்கத்துல பக்கத்துல படுத்திருந்தோம். காலைல எனக்கு இன்டர்வியூ, முதல் பஸ்ஸைப் பிடிக்கணும். அவர் குறட்டையில எனக்குத் தூக்கமே வரல. எரிச்சலா வந்துச்சு. திடீர்னு சத்தம் நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சுல. நல்லா தூங்குதாருன்னு நெனச்சேன். சந்தோசப்பட்டேன். சந்தோசப்பட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்."

ஒரு வருடமாக இந்த வியாதியைப் பற்றிக் கடைக்கு வருகிறவர், போகிறவர் எல்லாருக்கும் பிரசங்கம் செய்தவன் நான். யாராவது கவனித்திருந்தால் அப்பா இருந்திருப்பார் என்று போனில் சொன்னேனே, பாவி! யாரிடம் சொல்லியிருக்கிறேன்!

"டாக்டரே உறுதியா சொல்ல முடியாதுன்னுதான் சொன்னாங்கண்ணே. அது வேற என்னவாவும் இருந்திருக்கலாம்."

"டாக்டரு அப்படித்தான் சொல்லுவாவ. பக்கத்துல கெடந்தவன் நானில்லா." முகத்தைத் துண்டால் துடைத்தான். "நீ போன்ல சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது வியாதின்னு ஒத்துக்கிட்டா, நான் தட்டியிருக்கணும்னு ஆயிருமேல. அதான் உன் போனை எடுக்கல."

எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டான். நேராகப் பூசை அறைக்குப் போனான். பூவை எடுத்து ஓரமாக வைத்தான். மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, துண்டு நுனியால் சந்தனத்தைத் துடைத்து என் தலைமாட்டில் வைத்தான். "மீனா கேட்டா நான் எடுத்தேன்னு சொல்லு" என்றான்.

திரும்பவும் உட்கார்ந்தவன் ஏதோ யோசித்தான். சட்டென்று அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

"செல்வி," என்றான்.

செல்வி அவன் மகள். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள். படிப்பது ஹாலில்தான், அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசை.

"காலையில எந்திச்சதும் சொல்லுவால. 'நேத்து நீங்க குறட்டைய நிறுத்தினப்புறம்தாம்பா எனக்கு மண்டையில ஏறிச்சு'ன்னு. நானும் சிரிச்சுக்கிடுவேன்."

விஜயதசமிக்கு மறுநாள் அவனை அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன், பரிசோதனைக்கும் நாள் வாங்கினேன். அதைச் சொல்வதற்காக இதை எழுத உட்காரவில்லை. அந்த மத்தியானம் அவன் போனைத் தேடியதைத்தான் சொல்ல வந்தேன். போன் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. இரண்டு தடவை தப்பு நம்பரைப் போட்டான். நான் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவன் முன்னால் பிடித்தேன்.

"ஏட்டி செல்வி, அப்பா பேசுதேன். ராத்திரி நீ படிக்கும்போது என் குறட்டை நின்னா என்ன செய்வ?"

அந்தப் பக்கம் சிரித்தாள். "என்ன செய்ய? அப்பாடான்னு இருக்கும்."

அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"அப்பாடான்னு இருக்காதட்டி. எந்திச்சு வந்து என்னைய அடி. கன்னத்துல அடி. மூச்சு வார வரைக்கும் அடி."

"என்னப்பா ஆச்சு? சித்தப்பா பக்கத்துல இருக்காவளா? போனை அவங்ககிட்ட குடுங்க."

"சிரிக்காம கேளுட்டி. எங்கப்பாவ நான் அடிக்கல. நீ அடிக்கணும், கேட்டியா?"